பலகையில் 3,500, கொப்பியில் 15,000: ஒரு முன்பள்ளிச் செலவின் கணக்கு

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைப் பார்த்தே முப்பது வருடம் போக்கியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஊர்ச் சங்கங்கள் விடுவதில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது என்றால் பற்றுச்சீட்டுக் கட்டைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு யாராவது படலையைத் திறப்பார்கள். 2025 ஆடி (ஜூலை) மாதக் கடைசியில் அப்படி வந்தவர், பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி. அந்த ஊர் முன்பள்ளியை நடத்துவது அவர்களுடைய சங்கம். பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், வரவும் விழுகிறது, எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்லுங்கள் அண்ணை என்றார்.

கணக்கில் ஓட்டை இல்லை. எழுத்துக்கூடச் சுத்தமாக இருந்தது. ஆனால் வரவுப் புத்தகத்தில் 2024 இல் இருபத்தாறு பெயர். 2025 இல் பத்தொன்பது. போன ஏழு பிள்ளைகளும் கிளிநொச்சி நகரத்தில் ஒரே தனியார் முன்பள்ளிக்கு, ஒரே ஓட்டோவில் போய் வருகிறார்கள். “நாலு காசு கையில் வந்தால் நகரத்துப் பள்ளிதான் கேட்கும்” என்று கூட்டத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஏழு வீடுகளில் ஒரு வீட்டுச் செலவுக் கொப்பியைப் பார்க்கும் வரைக்கும்.

தாயின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். அதனால் இரண்டும் இங்கே இல்லை. பள்ளியின் பெயருக்கும் தேவையில்லை.

வீடும் வரவும்

வீட்டில் ஐந்து பேர். தகப்பன், தாய், ஆறாம் தரம் படிக்கும் மகள், 2021 வைகாசியில் பிறந்த மகன், தகப்பனின் தாய். இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் ஒன்றரை ஏக்கர் வயல். வயல் வேலை இல்லாத நாட்களில் தகப்பன் மேசனுக்கு உதவியாளாகப் போகிறார். நாளுக்கு 2,500 ரூபாய். நல்ல மாதத்தில் பதினாலு நாள் வேலை கிடைத்தால் 35,000. ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து தை வரை கட்டட வேலை படுத்துவிடும். அரசின் மாதாந்த நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும வறியோர் பிரிவில் கிடைக்கிறது. 8,500 ஆக இருந்தது 2025 தையிலிருந்து 10,000 ஆனது. வளவில் பத்துப் பதினைந்து கோழி, நாலு பப்பாசி, ஒரு கதலி வாழை.

காலபோகத்துக்கு, அதாவது மாரி மழைப் பயிருக்கு, விதைத்தது ஐப்பசிக் கடைசியில். 2024 கார்த்திகைக் கடைசியில் பெய்த பெருமழையில் வடக்கு முழுவதும் வயல்கள் வெள்ளத்தில் கிடந்தன. இவர்களுடைய வயலில் தாழ்ந்த பக்கம் அழுகிப்போனது. தையில் வெட்டியபோது பத்தொன்பது மூட்டை. ஐந்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு பதினாலை விற்றார்கள்.

எப்படி விற்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2025 மாசியில் அரசு ‘நாடு’ வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் உத்தரவாத விலை அறிவித்தது. ஈரப்பதம் 14 வீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. காயப்போடத் தளம் இல்லாதவன் தார் வீதியோரத்தில் தறப்பாளை விரித்துக் காயவைத்துக்கொண்டு இரவில் காவல் கிடக்கவேண்டும். அறிவிப்பு வருவதற்கு முன்பே வெட்டிவிட்டவர்கள் வயல் வரம்பில் நின்ற லொறிக்குப் பச்சை நெல்லாகக் கொடுத்துவிட்டார்கள். இவர்களும் அப்படியே, கிலோ 90 ரூபாய்க்கு. மூட்டைக்கு 65 கிலோப்படி பதினாலு மூட்டைக்கு 81,900. உரக்கடைக் கடனும் வெட்டு இயந்திர வாடகையும் 52,000. கையில் நின்றது 29,900.

இப்போது முன்பள்ளியின் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனுமதிக் கட்டணம் கட்டக் கடைசி நாள் மார்கழி (டிசம்பர்) 15. வன்னியில் வயல்காரன் வீட்டுக் காசு முழுவதும் மண்ணுக்குள் கிடக்கும் நாள் அது. விதை நெல், உரம், களைநாசினி எல்லாவற்றுக்கும் கொடுத்தாகிவிட்டது; கூலி வேலையும் இல்லை. நெல் வருவது தை, மாசியில். ஒரு கட்டணத்தை வன்னியில் எந்த மாதத்தில் வாங்கக்கூடாது என்று என்னைக் கேட்டிருந்தால் மார்கழியைத்தான் சொல்லியிருப்பேன். பெரும்பாலான தனியார் முன்பள்ளிகள் அந்த மாதத்தில்தான் வாங்குகின்றன, ஏனென்றால் பள்ளி தையில் தொடங்குகிறது.

அந்தக் கட்டணத்துக்காகத் தாய் தன் முறைக்கு முன்பே சீட்டை எடுத்தார். அதில் கழிவு 2,500. குழுக்கடன் வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன். “அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவும் மாட்டேன்” என்றார். நுண்கடன் வசூலுக்கு வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்த காலத்தை இந்த ஊர்ப் பெண்கள் மறக்கவில்லை. 2018 இல் அரசு அந்தக் கடன்களுக்கு 35 வீத வட்டி உச்சவரம்பு வைத்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

கொப்பி

மகளின் ஐந்தாம் தரக் கொப்பியில் எழுதாமல் விட்ட பக்கங்கள். பின்னட்டையில் பெருக்கல் வாய்பாடு. தாய் பென்சிலால் மூன்று பத்தி கீறியிருக்கிறார்: திகதி, என்னத்துக்கு, எவ்வளவு. சில வரிகளை அழித்துத் திருத்தியிருக்கிறார். நான் கண்ட எத்தனையோ சங்கக் கணக்குகளை விட இதில் ஒழுங்கு இருந்தது.

அனுமதிக் கட்டணம் 15,000. மாதக் கட்டணம் 3,500. தை முதல் ஆடி வரை ஏழு மாதத்துக்கு 24,500. ஓட்டோ மாதம் 5,000. ஏழு மாதத்துக்கு 35,000. இரண்டு சோடிச் சீருடை, விளையாட்டுச் சட்டை, சப்பாத்து எல்லாம் சேர்த்து 8,500. புத்தகப் பொதி 6,500. விளையாட்டு விழா 2,500. சுற்றுலா, பிள்ளைக்கும் தாய்க்கும், 3,000. வைகாசியில் பிறந்தநாள், வகுப்பில் கேக் வெட்டவேண்டும், 2,000.

இதற்குப் பிறகு அரைப் பக்கம் முழுவதும் சின்னச் சின்னத் தொகைகள். பிஸ்கட் 120. முட்டை 45. கச்சான் 50. அப்பிள் ஒன்று 160. இது என்ன என்று கேட்டேன்.

“தீன் பெட்டி” என்றார்.

பள்ளியில் இடைவேளைத் தீனுக்கு ஒரு நேரசூசி உண்டு. திங்கள் பழம், செவ்வாய் அவித்த தானியம், புதன் பிஸ்கட், வியாழன் வீட்டுச் சாப்பாடு, வெள்ளி விருப்பமானது. படித்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை, சுகாதாரத்துக்கு நல்லதுதான். முதல் திங்கள் தாய் வளவுப் பப்பாசியை வெட்டி விட்டிருக்கிறார். மாலையில் பெட்டியைத் திறந்தால் பப்பாசி அப்படியே கிடக்கிறது, நீர் விட்டு. மற்றப் பிள்ளைகள் அப்பிள் கொண்டு வந்தார்களாம். மூன்று வயதும் எட்டு மாதமும் ஆன பிள்ளையோடு யார் வழக்காடுவது? மூன்று வாரம் பப்பாசியே போய்த் திரும்பியது. நாலாவது திங்கள் கொப்பியில் முதல் அப்பிள். ஒரு நாளைக்குச் சராசரி 60 ரூபாய் என்று பிடித்து, 130 நாளுக்கு 7,800 என்று நாங்கள் இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம்.

மொத்தம் 104,800 ரூபாய். ஏழு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 15,000. பள்ளி வாசலில் பலகையில் எழுதியிருக்கும் 3,500 இந்தச் செலவில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. சீட்டுக் கழிவு 2,500 ஐ நான் சேர்க்கவில்லை. அஸ்வெசும 10,000 முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் மாதத்துக்கு இன்னும் 5,000 வேண்டும். கூட்டி முடித்ததும் தாய் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி மறுபடியும் கூட்டினார். அதே தொகைதான் வந்தது. ஒவ்வொரு வரியையும் எழுதியது அவர்தான். அடியில் கோடு கீறிக் கூட்டியது அன்றுதான் முதல் தடவை.

ஆனியிலும் ஆடியிலும் கட்டணம் நின்றது. ஆடி முதல் வாரம் பள்ளி, கட்டண அட்டையை ஓட்டோக்காரரிடம் கொடுத்து அனுப்பியது. அவருக்கும் இரண்டு மாதம் நிலுவை. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் மற்றத் தாய்மார் நிற்கும் ஒழுங்கை முகப்பில் வைத்து நீட்டிவிட்டார். அடுத்த நாளிலிருந்து மூன்று வாரம் பிள்ளைக்குக் “காய்ச்சல்”. பிறகு தாய் காதுத் தோட்டை அடகு வைத்து 30,000 எடுத்தார். 17,000 பள்ளிக்கும் ஓட்டோவுக்கும். மிச்சம் 13,000 சிறுபோகத்து (கோடைப் பயிர்) உரத்துக்கு. நான் கொப்பியைப் பார்க்கப் போனபோது காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தார்.

ஏன் நகரத்துக்கு?

இந்த இடத்தில்தான் என் எண்ணம் உடைந்தது. ஆங்கிலத்துக்காகவா என்று கேட்டேன். இல்லை என்றார். பெயருக்காகவா? சிரித்தார்.

“ரீச்சருக்குப் பின்னால் போனேன், ஐயா.”

ஊர் முன்பள்ளியில் ஆறு வருடம் படிப்பித்தவர் டிப்ளோமா முடித்த ஒரு பெண்பிள்ளை. இந்த வீட்டு மகளுக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. பிள்ளைக்கு மாதம் 500 ரூபாய்ப்படி இருபத்தாறு பேருக்கு 13,000 வரவேண்டும். நல்ல மாதத்தில் 8,000 தேறும். மாகாணத்திலிருந்து வரும் சிறிய ஊக்குவிப்புத் தொகையைச் சேர்த்தாலும் அவர் கையில் 15,000 நிற்பதில்லை. 2024 ஐப்பசியில் அவர் 24,000 சம்பளத்துக்கு அதே தனியார் பள்ளிக்குப் போய்விட்டார். யார் குற்றம் சொல்லமுடியும்? சங்க உறுப்பினர் ஒருவர் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பாட்டு நடந்தது, கஞ்சி நடந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லை. தையில் ஏழு தாய்மார் ரீச்சரைத் தேடிப் போனார்கள்.

வன்னிக்கு இதில் ஒரு தனிக் கதையும் உண்டு. போர் முடிந்த பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கணிசமான முன்பள்ளி ஆசிரியர்கள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அது அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த திணைக்களம். மூன்று வயதுப் பிள்ளையின் வகுப்பறைக்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் என்ன தொடர்பு என்று வடக்கில் பல வருடமாகக் கேட்கிறார்கள், கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் மாதம் தவறாமல் சம்பளம் வரும் முன்பள்ளி ஒரு பக்கம், பெற்றோரின் ஐந்நூறை நம்பியிருக்கும் முன்பள்ளி அடுத்த பக்கம் என்றால் ஆசிரியை எந்தப் பக்கம் பார்ப்பார் என்பதற்கு அரசியல் அறிவு தேவையில்லை.

இந்த நாட்டில் கல்வி இலவசம் என்று நாங்கள் மார்தட்டுவது 1945 இலிருந்து. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த திட்டம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் என்றுதான் பேசப்பட்டது. அன்றைய பாலர் வகுப்பு, எங்கள் பேச்சில் அரிவரி, பாடசாலைக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. இன்று அரச பாடசாலை ஐந்து வயதில் முதலாம் தரத்தில் தொடங்குகிறது. 2016 முதல் ஐந்திலிருந்து பதினாறு வரை கட்டாயக் கல்வி. மூன்றும் நாலும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் முன்பள்ளிகளின் நிர்வாகத்தை மேற்பார்வை செய்வதை மாகாணத்திடம் கொடுத்தது. மேற்பார்வை என்பது பார்ப்பது. சம்பளம் கொடுப்பது வேறு. இடையில் விழுந்த அந்த இரண்டு வருடத்தைத்தான் சங்கமும் கோயிலும் தேவாலயமும் தொண்டு நிறுவனமும் தனியாரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைக்கு அந்த இரண்டு வருடமும் முழுதாக விழும். முதலாம் தரத்துக்குத் தை (ஜனவரி) 31 இல் ஐந்து வயது நிறைந்திருக்கவேண்டும். வைகாசியில் பிறந்தவன் 2027 இல்தான் போவான். முன்பள்ளிக்குப் போகாத பிள்ளையையும் அரச பாடசாலை சேர்க்கும் என்று சொன்னேன். “சேர்ப்பார்கள். பக்கத்தில் இருக்கிற பிள்ளை பெயர் எழுதும், இவன் பார்த்துக்கொண்டிருப்பான்” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ஓட்டோக் காசு

வீட்டுக்கு வந்து இரவில் ஒரு தாளில் கூட்டினேன். ஏழு பிள்ளைகள், ஆளுக்கு 5,000, மாதம் 35,000 ரூபாய் ஓட்டோவுக்கு மட்டும். (மூன்று பேர் இருக்கும் வண்டியில் ஏழு பேர் என்பதைப் பற்றி எழுதினால் அது வேறு கட்டுரையாகிவிடும்.) 2025 சித்திரையில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 27,000 ஆனது; அந்த வருடம் முடியும் வரை அதுதான். ஒரு ஆசிரியைக்கு அதைக் கொடுத்து மேலும் 8,000 மிஞ்சும் காசை, அந்த ஆசிரியை போன இடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரே ஒழுங்கை செலவழித்துக்கொண்டிருந்தது. கட்டணத்தையும் சீருடையையும் தொடவே வேண்டாம்.

ஓட்டோக்காரரும் அதே ஊர், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். அந்த 35,000 இல் பெற்றோல் போக மிச்சம் ஊருக்குள்தான் சுற்றியது.

ஆவணி முதல் ஞாயிறு முன்பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் பெரிய ஆட்கள் முழங்கால் காதுக்கு எட்ட உட்கார்ந்திருந்தார்கள். தாளை வாசித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். முன்பே இப்படிக் கொடுத்திருந்தால் ரீச்சர் போயிருக்க மாட்டாரே என்று ஒரு அம்மம்மா சொன்னதற்கு, முன்பே யார் கேட்டார்கள் என்று ஒரு இளம் தாய் திருப்பிக் கொடுத்தார். இரண்டும் சரி. சங்கம் பத்து வருடமாக 500 ஐக் கூட்டவில்லை. கூட்டினால் வறிய வீடுகள் நின்றுவிடும் என்ற பயம். கூட்டாததால் வசதி கொஞ்சம் உள்ள வீடுகள் நின்றன.

ஏழில் ஐந்து பிள்ளைகள் திரும்பி வர, இருபத்து நாலு பேர். மாதம் 1,000 என்று தீர்மானம். வருடத்துக்குப் பதினொரு மாதம், 11,000. வயல் வீடுகள் விரும்பினால் காலபோகத்தில் ஒரு மூட்டை காய்ந்த நெல் தரலாம். கிலோ 120 ஆகப் பிடித்து அதை 7,800 என்று கணக்கில் வைப்போம். மிச்சம் 3,200 ஐ இரண்டு தவணையில் கட்டலாம். அறுவடைக்குக் காசு கேட்கும் முறை வன்னிக்குப் புதிதல்ல. கோயில் திருவிழா உபயம் அப்படித்தான் நடக்கிறது. பதினாலு வீடுகள் நெல் என்று கையெழுத்திட்டன. இந்த வீடும் ஒன்று.

திட்டத்தில் ஒரு பிழை இருந்தது, அதை வைத்தவன் நான். நெல் மாசியில் வரும். ஆசிரியை புரட்டாதியிலும் சாப்பிடவேண்டும். சங்கத்தின் சுழற்சி நிதியிலிருந்து 40,000 கடனாக எடுத்து இடைவெளியை மூடினோம். உயர்தரம் முடித்து முன்பள்ளி டிப்ளோமாவும் எடுத்திருந்த ஊர்ப் பெண் ஒருவர் 22,000 சம்பளத்துக்குச் சேர்ந்தார். அன்றைய குறைந்தபட்சச் சம்பளத்துக்கு இன்னும் 5,000 குறைவு என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

புரட்டாதியில் சம்பளம் முழுதாகக் கொடுத்தோம். ஐப்பசியிலும். பையன் நடந்தே போய் வந்தான். ஓட்டோ இல்லை, சீருடை பழையதே, தீன் பெட்டியும் இல்லை, ஏனென்றால் இங்கே தாய்மார் முறை வைத்துக் கடலையோ கஞ்சியோ சமைக்கிறார்கள். நவராத்திரிக்கு முன்பள்ளியில் வாணி விழா. விஜயதசமி அன்று பிள்ளையார் கோயிலில் ஏடு தொடக்கினான். கொப்பியில் அந்த மாத வரிகள் மூன்றே மூன்று. தோடு இன்னும் அடகில்தான்.

கார்த்திகையில் காசு கட்டவேண்டிய பத்து வீடுகளில் நாலு கட்டவில்லை. மழை, வேலை இல்லை. மாதக் கடைசியில் தித்வா புயல். நாட்டின் பெரும்பகுதி வெள்ளத்தில் கிடந்த அந்த நாட்களில் இந்த ஊர் வயல்களிலும் தண்ணீர் ஏறியது. முன்பள்ளி மண்டபத்துக்குள் முழங்கால் அளவு. குட்டிக் கதிரைகளைக் கூரைத் தீராந்தியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

மார்கழி நடுவில் போனேன். நெல் தருவதாகக் கையெழுத்திட்ட பதினாலு வீடுகளில் ஆறு வீடுகளின் வயல் பழுது. இந்த வீட்டு வயல் மேட்டுப் பக்கம் தப்பியிருக்கிறது. நகரத்துப் பள்ளியின் 2026 துண்டுப்பிரசுரம் வந்துவிட்டது. அனுமதிக் கட்டணம் 18,000. தாய் அதைக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்தார். எறியவில்லையா என்று கேட்டேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, பிள்ளை கீறுவான் என்றார்.

திரும்பி வரும்போது தலைவி படலை வரைக்கும் கூடவே வந்தார். புது ரீச்சரையும் நகரத்தில் ஒரு பள்ளி நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது, மாதம் 28,000 தருகிறார்களாம். போக விருப்பமில்லை என்று சொல்லியிருக்கிறார். சங்கம் எவ்வளவு தரமுடியும் என்பதை மட்டும் தை 5 ஆம் திகதிக்குள் எழுத்தில் கேட்டிருக்கிறார்.